கோட்டை வைத்தியசாலையின் கதவுகள்

ஒரு நகரத்தின் பெருமையை எடுத்துரைக்கப் புகுவோர் அதன் கோயிலையும் கோபுரத்தையும், கடற்கரையையும் கடைவீதியையும் வருணிப்பர். வைத்தியசாலையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நோய் வந்த காலத்தில் மட்டும் நாம் தேடி ஓடும் இடம் அது. நோய் நீங்கிய பின்னர் மறந்துவிட விரும்பும் இடமும் அதுவே. ஆயினும், ஒரு காலத்தில் வாழ்ந்த மக்கள் எவரை மதித்தனர், எவரை மதிக்க மறந்தனர் என்பதை அறிய வேண்டுமாயின், அக்காலத்து வைத்தியசாலையின் வரலாற்றை விடச் சிறந்த சான்று வேறில்லை எனலாம். உள்ளே படுக்கை பெற்றவர் யார், வாயிலோடு திரும்பியவர் யார் என்ற விபரம் ஒன்றே பல நூல்கள் கூறாதவற்றை நமக்குக் கூறிவிடும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது சென்னைப் பொது வைத்தியசாலையின் கதை. அதனோடு ஒட்டி வளர்ந்த சென்னை வைத்தியக் கல்லூரியின் கதை. சென்னை மத்திய புகையிரத நிலையத்தில் இறங்கி வெளியே வருவோர், வீதிக்கு அப்பால் வானளாவ நிற்கும் அக்கட்டடங்களைக் காணாதிருக்க முடியாது. 2011ஆம் ஆண்டு முதல் அவ்வைத்தியசாலை ராஜீவ் காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும், ஊர் மக்களின் வாயில் அது இன்றும் 'பெரிய ஆஸ்பத்திரி' தான். ஏழையும் எளியவரும் காசில்லாமலே நுழையக்கூடிய அந்த இடம், தொடக்கத்தில் அவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. அது எவ்வாறு அவர்களுடையதாயிற்று என்பதே நாம் அறியத்தக்கது.

இரண்டு வராகன் வாடகை

கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றது 1639ஆம் ஆண்டில். அங்கே அவர்கள் எழுப்பியதே புனித ஜோர்ஜ் கோட்டை. இங்கிலாந்திலிருந்து பல மாதக் கடற்பயணம் செய்து வந்திறங்கிய போர்வீரர்கள், கரையில் கால் வைத்த சில நாட்களிலேயே காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மடிந்தனர். தம் நாட்டவர் கவனிப்பார் இன்றி இறப்பதைக் கண்டு மனம் பொறாத கோட்டை அதிகாரியான சேர் எட்வேட் வின்ரர், மாதம் இரண்டு வராகன் வாடகைக்கு ஒரு வீட்டை எடுத்து, நோயுற்ற வீரரை அதிலே கிடத்தினார். வைத்தியர் அனுமதித்த உணவும் பானமும் அன்றி வேறெதுவும் உள்ளே செல்லலாகாது என்று விதித்தார். 1664ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாளை அவ்வைத்தியசாலையின் பிறந்த நாளாகக் கொள்வது வழக்கம். அந்நாளில் நமது யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் சிக்கி ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கருணையினாற் பிறந்த முயற்சியே அது; அதில் ஐயமில்லை. எனினும் அக்கருணைக்கு ஓர் எல்லை இருந்தது. கோட்டை மதில் தான் அந்த எல்லை. உள்ளே இருந்தது வெள்ளையர் பட்டணம். வெளியே பரந்து கிடந்தது கறுப்பர் பட்டணம். நெசவாளரும் வணிகரும் படகோட்டிகளும் கூலியாட்களும் வெளியிலேதான் வாழ்ந்தனர். அவர்கள் நோயுற்றால் நாட்டு வைத்தியரிடமோ, மருத்துவிச்சியிடமோ, தெய்வத்திடமோ முறையிட வேண்டியதுதான்.

எலிகு யேல் கவர்னராக இருந்த காலத்தில், 1690ஆம் ஆண்டில், வைத்தியசாலை கோட்டைக்குள்ளேயே வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நிகழ்ந்த போர்கள் அதனை நிலைகொள்ளவிடவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையையே கைப்பற்றியது. நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமான பின்னரும் வைத்தியசாலை இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1772ஆம் ஆண்டில்தான் அது கோட்டைக்கு வெளியே, இப்பொழுது இருக்கும் இடத்தில், நிலையாக அமைந்தது.

மதிலைத் தாண்டி வந்தபோதிலும் மனம் இன்னும் மதிலுக்குள்ளேயே இருந்தது. ஊர் மக்களுக்கு அதில் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நகரின் வடபுறத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி ஊற்ற ஒரு சாவடி ஏற்பட்டது. கஞ்சிக்கு வந்தவரிற் பலர் நோயாளராகவும் இருந்தமையால், 1799ஆம் ஆண்டளவில் அங்கே ஊர் மக்களுக்கென ஒரு சிறு வைத்தியசாலையும் உண்டாயிற்று. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் அதனை அழைத்தனர். இன்றைய ஸ்ரான்லி வைத்தியசாலை அதன் வழிவந்ததே. பொது வைத்தியசாலையின் கதவு இந்திய நோயாளருக்குத் திறந்தது 1842ஆம் ஆண்டில். வின்ரர் வாடகை வீடு எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 178 ஆண்டுகள் ஆகின்றன. ஐந்தாறு தலைமுறைகள் வாயிலைப் பார்த்தபடியே மாய்ந்து போயின என்பது அந்த எண்ணின் பொருள்.

உதவியாளரைத் தேடிய பள்ளி

கம்பெனியின் ஆட்சி விரிய விரியப் படைகளும் பெருகின. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் வைத்தியர் வேண்டும். வைத்தியருக்கு மருந்து கலக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் உதவியாளர் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அவ்வளவு பேரையும் வரவழைத்தால் செலவு தாங்காது. ஆதலின் ஐரோப்பியர், ஐரோப்பியக் கலப்பினத்தார், இந்தியர் ஆகியோரிற் சிலரை வைத்தியசாலையிலேயே வைத்துப் பழக்கினர். இப்பழக்கம் முறையான கல்வியாக வளர்ந்தது 1835ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். அப்பொழுது கவர்னராக இருந்த சேர் பிரடெரிக் அடம் என்பவரின் ஆதரவில், வைத்தியர் மோற்றிமர் தலைமையில், வைத்தியசாலையை ஒட்டி ஒரு வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, சனவரி 28ஆம் நாள், கல்கத்தாவிலும் ஒரு வைத்தியக் கல்லூரி நிறுவுவதற்கான ஆணை பிறந்திருந்தது. இவ்விரண்டில் எது மூத்தது என்று இரு நகரத்தாரும் இன்றும் வழக்காடுவதுண்டு. அவ்வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்பள்ளி இந்தியரைப் பெரிய வைத்தியராக்கும் நோக்கத்தோடு தொடங்கப்படவில்லை. ஆங்கில வைத்தியரின் கீழ் நின்று வேலை செய்யும் உதவியாளரையே அது நாடியது. ஆனால் கல்விக்கு ஓர் இயல்பு உண்டு. அதனை அளந்து கொடுக்க முடியாது. எலும்பின் பெயரைக் கற்றவன் நரம்பின் பெயரையும் கேட்பான்; மருந்தின் பெயரைக் கற்றவன் நோயின் காரணத்தையும் கேட்பான். உதவியாளரை ஆக்கப் பிறந்த பள்ளி பதினைந்தே ஆண்டுகளில், 1850ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள், சென்னை வைத்தியக் கல்லூரியாக உயர்ந்தது. 1852இல் முதல் அணியினர் தேறி வெளிவந்தனர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் பட்டம் பெறும் வழியும் உண்டாயிற்று.

இந்த இடத்தில் நம் நாட்டை நினைக்காமல் இருக்க இயலாது. கொழும்பில் வைத்தியப் பள்ளி 1870இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் இலங்கை அரசாங்கம் மாணவர் சிலரைக் கல்கத்தாவுக்கு அனுப்பியே வைத்தியம் கற்பித்தது. அதே காலத்தில் மானிப்பாயில் வேறொரு வகையான முயற்சி நடைபெற்றது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார். நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார், மாணவரைத் தமிழிலேயே பயிற்றினார். சென்னையிலோ கல்லூரியின் மொழி ஆங்கிலமே. ஆங்கிலம் கற்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அக்கல்லூரியின் கதவு திறந்தும் மூடியதாகவே இருந்தது. இக்குறை கிறீன் என்ற ஒருவரின் உள்ளத்தைத் தைத்தது; ஆனால் ஆட்சியாளரின் உள்ளத்தைத் தொடவில்லை.

திரைக்குப் பின்னால்

வைத்தியசாலை ஊராருக்குத் திறந்தது. கல்லூரி இந்திய மாணவருக்குத் திறந்தது. ஆயினும், ஊரிற் பாதிப்பேர் இன்னும் வெளியிலேயே இருந்தனர். அவர்கள் பெண்கள்.

அக்காலத்து உயர்குலத்து இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அந்நிய ஆடவர் முன் வருவதில்லை. நோயுற்றாலும், பிரசவ வேதனையில் உயிர் ஊசலாடினாலும், ஆண் வைத்தியர் ஒருவர் திரையை விலக்கி உள்ளே செல்வது நினைக்கவும் தகாத செயலாக எண்ணப்பட்டது. சாதாரணப் பிரசவமாயின் அனுபவம் வாய்ந்த மருத்துவிச்சியின் கை போதுமானது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, குருதி நிற்காது பெருகினாலோ அவளாலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சில பாக தூரத்திலேயே கற்றறிந்த வைத்தியர்கள் இருந்தும் அவ்வீட்டுப் பெண் இறந்து போவாள். எழும்பூரில் 1844ஆம் ஆண்டு முதல் ஒரு பிரசவ வைத்தியசாலை இருந்தது உண்மையே. ஆனால் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் அங்கே வருவதில்லை.

இக்கொடுமையைக் கேள்வியுற்று மனம் வருந்தியவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது. சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரை மணந்து 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்தவர். கணவரின் தொழில் வழியாக ஊர் மக்களின் வாழ்க்கையை அறிந்துகொண்டவர். மூன்று பிள்ளைகளின் தாய். திரைக்குப் பின்னால் நிகழ்ந்த துன்பத்தைக் கேட்டபோது, பிறரைப் போல 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அவர் இருந்துவிடவில்லை. முதலில் பிரசவ வைத்தியசாலையிற் சென்று மருத்துவிச்சித் தொழிலைப் பயின்றார். அது போதாது என்று கண்டபோது, வைத்தியக் கல்லூரியில் முறையாகச் சேர்ந்து படிக்க அனுமதி கேட்டார்.

அந்நாளில் இது எளிய வேண்டுகோள் அன்று. இங்கிலாந்தின் பல்கலைக்கழகம் எதுவும் பெண்களுக்கு வைத்தியப் பட்டம் அளிக்காத காலம் அது. எடின்பரோவில் 1869ஆம் ஆண்டு சேர்ந்த பெண்கள் சில ஆண்டுகள் போராடியும் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. அத்தகைய காலத்தில், சென்னை அரசாங்கத்தின் வைத்தியத் தலைவராக இருந்த எட்வேட் பல்பர் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். சென்னை நூதனசாலையை 1851இல் நிறுவி வளர்த்தவரும் அவரே. அவருடைய ஆதரவினால், 1875ஆம் ஆண்டில், மேரி ஷார்லீப்பும் வேறு மூன்று பெண்களும் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். தாய்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மறுத்ததை ஒரு குடியேற்ற நாட்டுக் கல்லூரி வழங்கியது! 1878இல் ஷார்லீப் தேறினார். அதே ஆண்டிலேதான் இலண்டன் பல்கலைக்கழகமும் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது. ஷார்லீப் இலண்டன் சென்று மேலும் பயின்று, 1882இல் பட்டம் பெற்று, மறு ஆண்டிற் சென்னைக்கே திரும்பினார்.

திரும்பியவர், ஆண் வைத்தியர் எவரும் நுழையாத ஒரு வைத்தியசாலையைத் திரை மறைவில் வாழும் பெண்களுக்கென 1885இல் ஏற்படுத்தினார். வெங்கடகிரி அரசர் முதலியோர் அதற்குப் பொருளுதவி புரிந்தனர். விக்ரோறியா மகாராணியின் பெயரோடு தொடங்கிய அவ்வைத்தியசாலை, திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரால் இயங்குகின்றது. ஊராரின் வழக்கத்தைப் பழித்துப் பேசிக்கொண்டிராமல், அவ்வழக்கத்துக்குள் வாழும் பெண்ணை முதலிற் காப்பாற்ற வேண்டும் என்று அவர் எண்ணியது நாம் சிந்திக்கத்தக்கது. உயிர் பிழைத்தால் அல்லவா வழக்கம் மாறுவதற்கு அவள் இருப்பாள்!

திறந்த கதவைக் கண்டு வெகுதூரத்திலிருந்தும் பெண்கள் வந்தனர். மராட்டிய நாட்டில் பிறந்த கிருபாபாய் 1878இல் வந்து சேர்ந்தார். உடல்நலம் குன்றியதால் படிப்பை விட நேர்ந்தது. பின்னாளில் அவர் ஆங்கில நாவலாசிரியையாகப் புகழ் பெற்றார். கல்கத்தாக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தமையால், அபலா தாஸ் என்ற வங்கப் பெண் 1882இல் சென்னைக்கு வந்தார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியாகப் பின்னர் விளங்கியவர் இவரே. நமது கொழும்பு வைத்தியக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1892இல். யாழ்ப்பாணத்து இணுவிலில் மகளிருக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்ததும் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே. ஒரே துன்பத்துக்கு இரு கரையிலும் ஒரே வகையான மருந்தை நாடினர் என்பது புலனாகின்றது.

மண்ணீரலில் மறைந்த பகைவன்

வைத்தியசாலையின் கதவு ஏழைகளுக்குத் திறந்ததனால் ஏழைகள் மட்டுமே பயனடைந்தனர் என்று எண்ணலாகாது. வைத்திய அறிவும் பயனடைந்தது. அதற்கு ஒரு சான்று போதும்.

அக்காலத்தில் வங்கத்திலும் அசாமிலும் சென்னையிலும் ஒரு கொடிய காய்ச்சல் மக்களை வாட்டியது. உடல் மெலியும், வயிற்றின் இடப்புறத்தில் மண்ணீரல் பெருத்து வீங்கும், மேனி கறுக்கும், மாதக்கணக்கில் நலிந்து நோயாளி இறப்பான். கறுப்புக் காய்ச்சல் என்று பொருள்பட 'காலா அசார்' என வட இந்தியர் அதற்குப் பெயரிட்டனர். மலேரியாவின் முற்றிய நிலையே அது என்று பல வைத்தியர் நம்பினர். சென்னை வைத்தியக் கல்லூரியின் பேராசிரியராகவும் பொது வைத்தியசாலையின் வைத்தியராகவும் இருந்த சாள்ஸ் டொனவன் அவ்வாறு நம்பிவிட்டு இருக்கவில்லை. 1903ஆம் ஆண்டில், இறந்த நோயாளரின் மண்ணீரலை நுணுக்குக் காட்டியில் ஆராய்ந்தபோது, மலேரியாக் கிருமியைப் போலல்லாத நுண்ணிய பொருள்களைக் கண்டார். பின்னர் உயிரோடிருந்த ஒரு சிறுவனிடமும் அவற்றையே கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் நகரில் நோயுற்று இறந்த போர்வீரன் ஒருவனிடம் இவற்றைக் கண்டதாக அதே ஆண்டில் எழுதியிருந்தார். மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்ட் றொஸ் இருவரின் பெயரையும் இணைத்து, அவ்வொட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டொனவானி' எனப் பெயர் சூட்டினார். மணல் ஈ கடிப்பதனால் அது பரவுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1920களில் உபேந்திரநாத் பிரமச்சாரி என்ற வங்க வைத்தியர், போதிய வசதியற்ற ஆய்வுகூடத்தில் உழைத்து, அதற்கு நல்லதொரு மருந்தைக் கண்டார்.

இதனை நாம் நம்மோடு தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்க முடியாது. இலங்கையில் இன்று பல மாவட்டங்களில் காணப்படும் தோல் நோயாகிய லீஷ்மேனியாசிஸ், அதே டொனவானி ஒட்டுண்ணியின் ஒரு வகையினாலேயே உண்டாகின்றது. இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. நோவில்லாத சிறு கட்டியாகத் தோன்றி, நாட்பட்டும் ஆறாது நிற்கும் புண்ணை அலட்சியம் செய்யாது வைத்தியரிடம் காட்டுதல் நன்று. அன்று சென்னையில் பெயர் தெரியாத ஓர் ஏழைச் சிறுவனின் உடலிற் கண்டறியப்பட்ட உண்மை, இன்று நம் வைத்தியர் நம்மைச் சோதிக்கும்போது வழிகாட்டியாக நிற்கின்றது. அச்சிறுவன் வாயிலோடு திரும்பியிருப்பின் அவ்வுண்மையும் அவனோடு திரும்பிப் போயிருக்குமன்றோ?

புதுக்கோட்டையிலிருந்து வந்த மாணவி

1907ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் வாயிலில் வந்து நின்றார் முத்துலட்சுமி என்ற தமிழ்ப் பெண். புதுக்கோட்டையிற் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் அவ்வூர்க் கல்லூரித் தலைவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் தோன்றியவர். இப்பிறப்புக் காரணமாக ஊரார் வாயில் அகப்பட்டு வருந்திய குடும்பம் அது. ஆண்கள் மட்டும் பயின்ற புதுக்கோட்டைக் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரே தலையிட்டு அனுமதி வழங்க நேர்ந்தது.

சென்னையிலும் பாதை மலர் தூவியதாக இருக்கவில்லை. சத்திரசிகிச்சைப் பேராசிரியர் தம் வகுப்பில் மாணவிகள் அமர்வதை முதலில் விரும்பவில்லை என்றும், முத்துலட்சுமி அப்பாடத்திற் பெற்ற புள்ளிகளைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1912இல் பரிசுகளோடு தேறி, டாக்டர் முத்துலட்சுமி ஆனார். பின்னர் டாக்டர் சுந்தர றெட்டியை மணந்தார்.

அவர் விரும்பியிருந்தால் நல்ல வருமானத்தோடு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், தமக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. சென்னைச் சட்டசபையில் முதற் பெண் அங்கத்தவராகவும் அதன் உப தலைவராகவும் விளங்கி, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் அது சட்டமாயிற்று. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை ஏற்படுத்தினார். தம் தங்கை புற்றுநோயால் துடிதுடித்து இறந்ததைக் கண்ணாற் கண்டவர், அந்நோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று பல்லாண்டு உழைத்தார். அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இல் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 68 ஆகிக்கொண்டிருந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும், கடல் கடந்தும் இன்று நோயாளர் நாடிச் செல்லும் அந்நிலையம், ஒரு மாணவிக்கு ஒரு கல்லூரி இடமளித்ததன் பயன் என்று கூறினால் மிகையாகாது.

தலைமைப் பீடம்

இந்திய மாணவர் கற்கலாம், தேறலாம், ஆனால் தலைமைப் பதவி மட்டும் நெடுங்காலம் ஆங்கில வைத்தியருக்கே உரியதாக இருந்தது. பேராசிரியர்களும் படைவைத்திய சேவையிலிருந்து வந்தவர்களாகவே இருந்தனர். இத்தடையை வாதத்தினால் மட்டும் அன்றி, கைத்திறமையாலும் உழைப்பாலும் உடைத்தவர் சிலர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சருக்கை என்னும் சிற்றூரில் 1882ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ரங்காச்சாரி அவர்களுள் ஒருவர். அவருடைய கை பட்டால் நோய் தீரும் என்று மக்கள் நம்பினர். தூரத்து ஊர்களிலுள்ள நோயாளரிடம் விரைந்து செல்வதற்காகச் சொந்தமாக ஒரு சிறு விமானமே வாங்கியவர் அவர். 1934இல் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். அவருடைய சிலை பொது வைத்தியசாலையின் முகப்பில் நிற்கின்றது. ஆளவந்த ஆங்கிலேயருக்கே சிலை எழுப்பிய நகரம், தம் நோய் தீர்த்த ஓர் ஊரவனுக்குச் சிலை எழுப்பியது.

1939ஆம் ஆண்டில் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவரானார். பிரசவ வைத்தியத்தில் அவர் எழுதிய நூல் பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1961ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவைக்கும் தலைமை தாங்கினார். உதவியாளரை ஆக்குவதற்காகத் தொடங்கிய பள்ளி, 104 ஆண்டுகளுக்குப் பின்னர் தன் மாணவன் ஒருவனையே தலைவனாக ஏற்றுக்கொண்டது.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றைக் கேட்போர் இருவகையாகப் பேசக் கூடும். ஆங்கிலேயர் அளித்த கொடை இது என்பர் ஒரு சாரார். அவர்கள் தம் நலத்துக்காகச் செய்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. வின்ரர் தம் வீரரை நினைத்தார்; கம்பெனியார் தம் செலவை நினைத்தனர். ஆனால் பல்பர், ஷார்லீப் போன்றோர் தம்மவரல்லாத மக்களின் துன்பத்தையும் நினைத்தனர். அதற்கும் மேலாக, கதவு திறந்த ஒவ்வொரு வேளையிலும், உள்ளே நுழையத் துணிந்தவர்கள் இருந்தார்கள். கேட்போர் இல்லையாயின் திறப்போரும் இல்லை.

கல்லூரியின் பழைய உடற்கூற்றியல் கட்டடம், 1897இல் எழுந்த செங்கல் மாளிகை, இன்றும் 'செங்கோட்டை' என்றே மாணவரால் அழைக்கப்படுகின்றது. கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுந்திருப்பது எவ்விடத்தில் தெரியுமா? சென்னை மத்திய சிறைச்சாலை இருந்த நிலத்தில்! மனிதரைப் பூட்டி வைத்த இடத்தில் இன்று மனிதரைக் காக்கும் கல்வி நடைபெறுகின்றது.

வைத்தியராக வேண்டும் என்று கனவு காணும் நம் மாணவ மாணவியர் பலர். அக்கனவு நல்லதே. வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அது பெருமை. ஆனால் பரீட்சைப் புள்ளியையும் பின்னர் வரும் வருமானத்தையும் மட்டும் எண்ணிப் படிப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று நம் பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வைத்திய பீடத்தில் நுழைகிறார்கள் எனின், ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி தனியே சென்று அந்தக் கதவைத் தட்டினாள் என்பதே காரணம். இன்றும் வைத்தியசாலையின் வாயிலுக்கு வர இயலாதவர் உளர். பஸ் செல்லாத ஊரிலிருக்கும் கர்ப்பிணி, தன் நோயைத் தன் மொழியிற் சொல்லி விளங்கவைக்க முடியாத தோட்டத் தொழிலாளி, வெட்கத்தினால் நெஞ்சிலுள்ள கட்டியை மறைக்கும் தாய் ஆகியோர் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். கற்றவர் அவர்களிடம் செல்லும்வரை அந்தப் பழைய கோட்டை மதில் முற்றாக இடிந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.